மடியில் கொண்டுபோன பங்களா

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்களுக்கு ஒரு பங்களா இருந்தது. இரண்டு புகைபோக்கிகள், முன்பக்கம் கண்ணாடி போட்ட வராந்தா, பெரிய சாப்பாட்டு அறை, மூன்று படுக்கையறைகள், பின்னால் தனியாகக் குசினி என்கிற சமையல்கட்டு, குசினியிலிருந்து வீட்டுக்கு நனையாமல் போக ஒரு மூடின நடை. இவ்வளவும் சேர்ந்து ஒரு தேயிலைப் பெட்டியின் மேல் அடங்கிவிடும். அந்தப் பெட்டி, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எங்களுக்கு இருந்த ஒன்றரை அறையில் பாதி அறையை அடைத்துக்கொண்டு கிடந்தது.

உண்மையான பங்களா ஏலப்பாறைக்கு மேலே, எங்கள் எஸ்டேட்டின் உச்சியில் இருந்தது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் கல்லும் தேக்கும் கொண்டுவந்து கட்டியது. என் அப்பா அங்கே சமையல்காரர். எஸ்டேட்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் பட்லர்தான். பள்ளிக்கூடத்தில் என்னையும் பட்லர் மகள் என்றார்கள். அது ஏதோ பெரிய பட்டம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போவாள்.

துரைகளும் போய், அவர்களுக்குப் பின் வந்த மேனேஜர்களும் கீழே சின்ன வீடுகளுக்குக் குடிபோனபின், பங்களாவைச் சுற்றுலாக்காரர்கள் தங்கும் இடமாக மாற்றிவிட்டார்கள். முன் வராந்தாவில் ஒரு அலமாரி வைத்துத் தேயிலைப் பொட்டலமும் ஏலக்காயும் விற்றார்கள். அதே அலமாரியில் தட்டையான அட்டைப்பெட்டிகளும் இருந்தன. இந்த மலையில் இருக்கும் பழைய பங்களாக்களை அளந்து, அதே அமைப்பில் சின்னதாக வெட்டிய பலகைத் துண்டுகள் அவற்றுக்குள் இருக்கும். வாங்கிக்கொண்டு போய் வீட்டில் உட்கார்ந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். கொச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் பிள்ளைகள் தாங்கள் தூங்கி எழுந்த வீட்டையே பெட்டிக்குள் போட்டு எடுத்துக்கொண்டு போவதை, அப்பா எங்களிடம் ஒரு அதிசயம் போலச் சொல்வார்.

ஒரு மழைக்காலத்தில் வராந்தாக் கூரை ஒழுகியது. அலமாரியில் ஒரு பெட்டி நனைந்து உப்பிவிட்டது. இனி விற்க முடியாது, மகளுக்குக் கொடு என்று அங்கிருந்த மேனேஜர் அதை அப்பாவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். அப்பா அதை மழைக்கோட்டுக்குள் மார்போடு அணைத்துக்கொண்டு, தலை நனைய வந்தார்.

பிரித்துப் பார்த்தால் மெல்லிய பலகைகள். இயந்திரத்தால் வெட்டின ஓரங்கள் கருகியிருந்தன. அடுப்பில் தீய்ந்த விறகு வாசனை. எதை எதோடு சேர்ப்பது என்று சொல்லும் தாள் மட்டும் பெட்டியோடு ஒட்டிப்போய், பிரிக்கப் பிரிக்கக் கூழாக வந்தது. நான் அழ ஆரம்பித்தேன். அப்பா, இருபத்துநாலு மணி நேரமும் நான் கிடக்கிற வீட்டுக்கு எனக்கு எதுக்குத் தாளு என்றார்.

அந்த மழையில் விருந்தாளிகள் குறைவு. பள்ளிக்கூடத்துக்கும் கலெக்டர் அடிக்கடி லீவு விட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் சாயங்கால டீக்கும் நடுவில் அப்பா இறங்கி வருவார். தரையில் பேப்பர் விரித்து இரண்டு பேரும் உட்காருவோம். பசை தடவுவது என் வேலை. பிடித்துக்கொண்டிருப்பது அவர் வேலை.

முதலில் குசினியைத்தான் கட்டினார். வீட்டைத் தொடங்குகிறவர்கள் வாசலிலிருந்து தொடங்குவார்கள் என்று அம்மா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. குசினியையும் விடாமல் போட்டிருக்கிறார்களே என்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பிறகு மூடின நடை, பிறகு சாப்பாட்டு அறை. அதுவரை கை நிற்காமல் போனது. படுக்கையறைகள் வந்ததும் நின்றுவிட்டது. குளிர்காயும் அடுப்பு பதித்த சுவர் ஒன்று மிஞ்சியிருந்தது. அது எந்த அறைக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு அறைக்கு அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை. அங்கே போக வர வேறு ஆள் உண்டு.

மறுநாள் வந்தபோது அப்பா முகத்தில் ஒரு குறும்பு இருந்தது. பெரிய படுக்கையறைக்கு வெந்நீர் பிளாஸ்க் கொண்டுபோகிற சாக்கில் தானே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "சன்னலுக்கு எதுத்தாப்புல பாப்பா. அந்தச் செவத்துலதான்" என்று துண்டை எடுத்துச் செருகினார். அது சரியாகப் பொருந்தியது. அத்தனை வருஷத்தில் அன்றுதான் அவர் முதல் தடவையாக அந்த அறைக்குள் கால் வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அடுப்பு கிடைத்துவிட்டது என்பதுதான் பெரிதாக இருந்தது.

அம்மா வேலை விட்டு வந்து நாங்கள் கட்டுவதை எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ கோழிக்கூடு மாதிரி இருக்கு என்று சொல்லிப் போய்விடுவாள். கூரையை வைத்த அன்றுதான் நின்று பார்த்தாள். "அட, இது பங்களால்ல" என்றாள். மேல்காட்டில் கொழுந்து எடுக்கும்போது அவளுக்கு அந்தக் கூரையும் புகைபோக்கிகளும் மட்டும்தான் தெரியும். சுவரை அவள் பார்த்ததில்லை.

வீடு முடிந்ததும் என் பொம்மையைக் கொண்டுவந்தேன். ஏலப்பாறைத் திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பொம்மை. கூரையைத் தூக்கி, பெரிய படுக்கையறையில் அடுப்புக்குப் பக்கத்தில் அவளைப் படுக்க வைத்தேன். அப்பா பார்த்தார்.

"அங்க வேணாம் பாப்பா. அது தொர படுக்குற ரூமு."

சொல்லிவிட்டு, பொம்மையை இரண்டு விரலால் எடுத்துக் குசினியில் வைத்தார். அவள் படுத்த இடத்தைத் தோள் துண்டின் நுனியால் ஒரு தடவை துடைக்கவும் செய்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. துரை எங்கே இருக்கிறார், அவர்தான் செத்துப்போய்விட்டாரே என்றேன். அம்மா எனக்காகப் பேசினாள். புள்ளைக்குக் குடுத்ததுதான, அது இஷ்டத்துக்கு வெளாடட்டுமே என்றாள். அப்பா மசியவில்லை. முன்வாசல் வழியாகக்கூடப் பொம்மை வரக் கூடாது. வர வேண்டுமானால் பின்பக்கம், குசினி வழி. விருந்தாளிகளிடம் மெழுகாக உருகும் என் அப்பா, ஒரு பலகை வீட்டுக்காக என்னிடம் காட்டிய கண்டிப்பை வேறு எதற்கும் காட்டியதில்லை. என்னைவிட அந்த வீடுதான் அவருக்குப் பெரிது என்று நான் முடிவு கட்டினேன்.

மழை விட்டு, மலையெங்கும் வெயில் வந்த சமயம் பங்களா கை மாறியது. வாங்கியவர்கள் கூடவே தங்கள் சமையல்காரர்களைக் கொண்டுவந்தார்கள். ஹோட்டல் வேலை படித்தவர்கள், தலையில் வெள்ளைத் தொப்பி வைத்தவர்கள். அப்பாவிடம் சர்டிபிகேட் கேட்டார்கள். அவரிடம் என்ன இருக்கும்? பதினைந்து வயதில் பாத்திரம் கழுவப் போனவர். அடுப்படியில் நின்றே கற்றவர். அவரை வேலைக்கு வைத்தவர்கள் ஒருவர்கூட இப்போது மலையில் இல்லை. வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பா பகலெல்லாம் வீட்டிலிருந்தார். அது எனக்குப் புதிது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். சில நாட்கள் காலையிலேயே கிளம்பி வண்டிப்பெரியாறு, குமுளி என்று போய்விட்டுச் சாயங்காலம் வருவார். எங்கே போனாலும் முதல் கேள்வி சர்டிபிகேட்டாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அப்படியானால் ஒரு சர்டிபிகேட்டை வாங்கிவிட வேண்டியதுதானே என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன்.

அந்த நாட்களில் ஒரு தடவை, வேண்டுமென்றே, அவர் பார்க்கும்படி பொம்மையை முன்வாசல் வழியாகக் கூட்டிவந்து துரை அறையில் படுக்க வைத்தேன். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. கடைசியில் நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே கொண்டாட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா முகம் மழித்து, பங்களாவில் பெரிய விருந்துகளுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பங்களாவைப் போர்வையால் சுற்றினார். என்னையும் வரச் சொன்னார். குட்டிக்கானம் போகும் வழியில் புதிதாக ஒரு ரிசார்ட் கட்டியிருக்கிறார்கள், அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று ஜீப்புக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். எனக்கு அதெல்லாம் தெரியாது. எங்கள் வீட்டை யாரிடமோ காட்டப் போகிறோம் என்று பெருமையோடு கிளம்பினேன். ஜீப்பிலும் பஸ்ஸிலும் அப்பா அதை மடியில் வைத்து, வளைவு வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

ரிசார்ட் மேனேஜர் மலையாளி. முப்பது வயதுகூட இருக்காது, மரியாதையாகவே பேசினார். அப்பா போர்வையைப் பிரித்து, மேஜைமேல் வீட்டை வைத்து, கூரையை எடுத்துவிட்டுக் குசினிக்குள் விரலை நீட்டினார்.

"இதுதான் சார் நான் நின்ன எடம். ரோஸ்ட்டு, கட்லெட்டு, புட்டிங்கு எல்லாம் இங்கனதான். மழன்னா இந்த நட வழியா மூடி எடுத்துட்டுப் போவேன். டேபிளுக்குப் போறவரைக்கும் சூடு ஆறாது."

மேனேஜர் குனிந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. உள்ளேயிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டார். எல்லோரும் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். இது எந்தப் பங்களா, யார் ஒட்டியது, புகைபோக்கியும் மரமா என்று கேட்டார்கள். அப்பா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, ஒவ்வொரு தடவையும் விரலைக் குசினிக்கே கொண்டுவந்தார். எனக்கு அது வெட்கமாக இருந்தது. துரை அறை இருக்கிறது, கண்ணாடி வராந்தா இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு எதற்குச் சமையல்கட்டைக் காட்டுகிறார்?

"இது இவிடெ வெச்சோட்டே, சேட்டா? ரிசப்ஷனில் நல்ல பங்கி உண்டாவும்" என்றார் மேனேஜர். இதை இங்கேயே வைத்துக்கொள்ளட்டுமா, அழகாக இருக்கும் என்கிறார்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவர் அதைப் பார்த்தார், நன்றாகப் பார்த்தார்.

"வச்சுக்குங்க சார்."

மேனேஜர் துரை அறையிலிருந்து பொம்மையை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒரு துண்டு கேக்கும் கொடுத்தார். அப்பாவின் போன் நம்பரைக் குறித்துக்கொண்டு, விளிக்காம் என்றார். கூப்பிடுகிறோம் என்று அர்த்தம். அப்பா கும்பிட்டுவிட்டு, காலிப் போர்வையை நான்காக மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு, ஏன் குடுத்தீங்க என்று கேட்டேன்.

"அவங்க கேட்டாங்கல்ல பாப்பா" என்றார்.

அந்தப் பதிலுக்காக நான் அவரை மன்னிக்கவில்லை. ஏலப்பாறையில் இறங்கிப் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொள்ளாமல் முன்னால் நடந்தேன். வீட்டில் அம்மா காலித் தேயிலைப் பெட்டியைப் பார்த்தாள், அப்பா முகத்தைப் பார்த்தாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அந்தப் பெட்டியின்மேல் வைத்தாள்.

பிற்பாடு அப்பா எஸ்டேட்டில் தேயிலைச் செடிகளுக்கு மருந்தடிக்கப் போனார். கொஞ்ச காலம் கட்டப்பனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தார். நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் இறந்துபோனார். ரோஸ்ட்டும் புட்டிங்கும் அவர் பிறகு எங்கேயும் செய்யவில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை.

போன வருஷம் ஆபீஸ் கூட்டம் ஒன்றுக்காக அந்த ரிசார்ட்டுக்குப் போக நேர்ந்தது. பங்களா ரிசப்ஷனில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். சன்னலுக்கு எதிர்ச் சுவரில் அடுப்பும் அப்படியே இருந்தது. இது யார் செய்தது என்று மேஜையிலிருந்த பெண்ணிடம் கேட்டேன். முன்பு இங்கே இருந்த மேனேஜர் கைப்படச் செய்தது என்று சிரித்தமுகமாகச் சொன்னாள். அவளுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். நான் மறுக்க வாயெடுத்தேன். அதற்குள் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்று முழுவதும் கூட்டத்தில் என் மனம் நிற்கவில்லை. ரிசார்ட்டிலிருந்து திரும்பி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிந்தைய நாட்களே கண்முன் நின்றன. அப்பா போனை எப்போதும் சிக்னல் கிடைக்கும் சன்னல் கட்டையில் வைத்திருப்பார். வீட்டில் இருக்கும்போது சட்டையைத் திறந்து போட்டுக்கொண்டிருப்பது அவர் வழக்கம். போன் அடித்தால் எழுந்து நின்று, முதலில் பட்டன்களைக் கழுத்துவரை போடுவார், அப்புறம்தான் எடுப்பார். சில தடவை பட்டன் போட்டு முடிவதற்குள் மணி நின்றுவிடும். யாராவது சொந்தக்காரர்களாக இருக்கும், அல்லது தப்பு நம்பராக இருக்கும். எனக்கு அவர்மேல் இருந்த கோபமே அதைப் பார்த்துத்தான் ஆறியது. அவ்வளவு வேடிக்கையாக இருந்தது. போனில் பேசுகிறவங்களுக்குச் சட்டை தெரியாதுப்பா என்று விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா என்னைப் பார்த்து, ஆமாம்ல என்று சொல்லித் தானும் சிரித்தார்.