தலைமன்னாருக்கு ஒரு நேர்ப் பெட்டி

சிவசாமி அண்ணன் கெட்டவர் என்று ஹட்டன் கடைத்தெருவில் யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவரோடு அரை மணி நேரம் பேசிவிட்டு எழுந்தால் நமக்கே நம்மேல் சந்தேகம் வந்துவிடும். பால்காரன் அவர் கண்ணெதிரே பாலில் ஒரு மிடறு குடித்துக் காட்டிவிட்டுத்தான் அளக்க வேண்டும். ஸ்டேஷன் கடிகாரத்தை அவர் நம்பியதே இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் தன் வசதிக்கு முள்ளைத் தள்ளி வைக்கிறார் என்பார். ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த அவருடைய தேத்தண்ணிக் கடையை ஒட்டித்தான் நான் தையல் மெஷின் போட்டிருந்தேன். என் பெயர் சின்னத்தம்பி. அவருக்குச் சட்டை தைத்து, மிஞ்சிய துண்டுத் துணியையும் மடித்துக் கொடுத்தால், "இவ்வளவுதானா தம்பி மிச்சம்?" என்று அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் தினம் இரண்டு வேளை அவர் கடையில்தான் தேத்தண்ணி.

அவர் அப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. இளவட்டமாக அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் வேலை செய்தபோது, கணக்கப்பிள்ளை ஒருநாள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்து, "உங்க வீட்டுல எத்தனை பேரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். இவரும் சிரித்துக்கொண்டே, "நான், பொண்டாட்டி, கைப்புள்ள, மூணு பேருங்க" என்றாராம். அடுத்த வாரமே அந்த ஒற்றை அறைக் காம்பிராவின் மறுபாதியில் இன்னொரு குடும்பத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். நடுவில் ஒரு சாக்குத்தான் மறைப்பு. அதிலிருந்து, எவனாவது கையில் நோட்டுப் புத்தகத்தோடு வந்து எதையாவது கேட்டால் உண்மையைச் சொல்லக் கூடாது என்று தீர்மானித்துவிட்டார். அந்தத் தீர்மானம் ஒரு நாளும் தன் காலை வாரியதில்லை என்பது அவருடைய பெருமை.

அவர் மனைவி பேச்சியம்மா அதற்கு நேர் எதிர். வெள்ளை மனசு. மலையில் கொழுந்து எடுக்கும்போது தண்ணீர் வடியும் கானுக்குள் விழுந்து இடுப்பெலும்பு நகர்ந்துபோனதால்தான் இருவரும் தோட்டத்தை விட்டு ஹட்டனுக்கு வந்து கடை போட்டார்கள். கம்பை ஊன்றிக்கொண்டு சமதரையில் நடப்பார். படி என்றால் ஒவ்வொன்றுக்கும் நின்று மூச்சு வாங்க வேண்டும்.

ஒரே மகள் மீனம்மாவைத் திருச்சிக்குப் பக்கத்தில் துறையூரில், பேச்சியம்மாவின் அண்ணன் மகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கல்யாணத்தைப் பற்றி அவரிடம் யாரும் பேசமாட்டோம். பெண் முன்னாலேயே மாமன் குடும்பத்தோடு போய்விட்டது. பெற்றவர்கள் இருவரும் பின்னால் புறப்பட்டார்கள். ஹட்டனிலிருந்து அக்கரைக்கு, அதாவது கடல் தாண்டி இந்தியாவுக்கு, போகிறவர்கள் பொல்காவலையில் இறங்கி, மேம்பாலத்தில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, கொழும்பிலிருந்து வருகிற தலைமன்னார் ரயிலைப் பிடிக்க வேண்டும். மனைவியைத் தானே தூக்கிக்கொண்டு போய்விடுவதாகச் சிவசாமி அண்ணன் சொல்லியிருந்தார். தூக்கினார், பாதிப் பாலம்வரை. கூட்டம் நெருக்கியதில் இருவரும் படியிலேயே விழுந்தார்கள். ரயில் போய்விட்டது. மறுநாள் ரயிலைப் பிடித்து அவர்கள் துறையூர் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெற்ற ஒரே பெண்ணின் கழுத்தில் தாலி ஏறியதைப் பேச்சியம்மா பார்க்கவில்லை. பொல்காவலையில் கார்டு வேண்டுமென்றே விசில் ஊதிவிட்டான் என்று அண்ணன் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

முப்பத்தொன்பதாம் வருஷம் பங்குனியில் மீனம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. கடையில் அதைப் படித்துக் காட்டியது நான்தான். நாலு வருஷம் கழித்துப் பிள்ளை உண்டாகியிருக்கிறது, ஆவணியில் பிரசவம், அம்மா கட்டாயம் வர வேண்டும் என்று எழுதியிருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போக முடியாத பெண். தாயாவது அவளிடம் போகத்தானே வேண்டும்? பேச்சியம்மா அழுதுவிட்டு, "அந்தப் பாலம் மட்டும் இல்லேன்னா நான் நாளைக்கே கெளம்பிருவேன் தம்பி" என்றார்.

அதே சமயத்தில்தான் ஜவுளிக்கடை சண்முகராஜா முதலாளி ஒரு மனு தயாரித்தார். ஹட்டனிலிருந்து தலைமன்னாருக்கு நேராக ஒரு பெட்டி விட வேண்டும். அதைப் பொல்காவலையில் கழற்றி அந்த ரயிலோடு மாட்டிவிட்டால் போதும், ஆட்கள் இறங்கவே வேண்டாம். கடைத்தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். சிவசாமி அண்ணன் போடவில்லை.

"ஏங்க, நமக்குத்தானே நல்லது?" என்றார் பேச்சியம்மா. "தலைமன்னாருல ரயிலு கப்பலடிக்கே போயி நிக்குது. எல்லாரும் ஏறுற வரைக்கும் கப்பலு நிக்கும். நான் மெதுவா நடந்து போயிருவேன். இந்தப் பொல்காவலைதாங்க என் உசுர வாங்குது."

"மொதலாளிக்கு சேலைக் கட்டு பத்திரமா வரணும். அதுக்கு நம்ம கைநாட்டு கேக்குறாரு" என்றார் அண்ணன். அதோடு பேச்சு முடிந்தது.

வைகாசியில் மேலிடத்திலிருந்து ஒரு கிளாக்கர் வந்தார். மயில்வாகனம் என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர். கோட்டும் தொப்பியுமாக ஸ்டேஷன் வாசலில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம், "எங்கை போறியள்? எத்தினை பேர்?" என்று கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். ஒரு வாரத்துக்கு எழுதுவாராம்.

புறப்பட்டு நிற்கிறவனிடம் எங்கே என்று கேட்பது நம் ஆட்களுக்கு ஆகவே ஆகாது. 'தூரமா?' என்றுதான் கேட்போம். எங்கே என்று கேட்டுவிட்டால் மூட்டையை இறக்கி வைத்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். கடலைத் தாண்டிப் போகிறவனிடம் கேட்டால் சும்மா விடுவானா? கிளாக்கருக்கு அது தெரியவில்லை, பாவம். முதல் நாள் காலையில் அவரிடம் மாட்டியவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு தண்ணீர் குடிக்க வந்த இடம் சிவசாமி அண்ணன் கடை.

அண்ணன் தண்ணீர் மட்டும் கொடுக்கவில்லை.

அந்த மாதங்களில் ஊரெல்லாம் ஒரே பேச்சு. அரசாங்கத்தில் நாட்கூலிக்கு இருந்த இந்தியர்களை வேலையிலிருந்து நிறுத்தி ஊருக்கு அனுப்பப் போகிறார்கள். அடுத்தது கடைக்காரர்கள், அதற்கடுத்தது தோட்டம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அண்ணன் கிளாசைக் கழுவிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, மேசைப் பக்கம் கண்ணைக் காட்டுவார்.

"அக்கரைக்குன்னு சொல்லிறாதீங்க. ஊருல உறவு இருக்குன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். பேர எழுதிக்கிட்டு, போனவனத் திரும்ப விடமாட்டாங்க. பொல்காவலைக்கு மட்டும் டிக்கெட்டு எடுங்க. மிச்சத்த அங்க போயி எடுத்துக்கலாம்."

எவ்வளவு கச்சிதமான யோசனை! நானே மெச்சினேன். என்னிடம் கிளாக்கர் கேட்டபோது, வருஷா வருஷம் தைப்பொங்கலுக்கு அக்கரைக்குப் போகிற நான், "கண்டியத் தாண்டிப் போனதே இல்லீங்க" என்றேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் நாளிலிருந்து கூத்தாகிவிட்டது. மலைத் தோட்டத்துக் குடும்பம் ஒன்று, இரண்டு தகரப் பெட்டி, பாய், தலையணை, கூடை நிறையப் பட்சணத்தோடு வந்து நின்றது. கிளாக்கர் கேட்டதற்கு, "றொசல்ல வரைக்குந்தாங்க" என்றான் குடும்பத் தலைவன். றொசல்ல அடுத்த ஸ்டேஷன், நடந்தே போகலாம்.

"றொசல்லைக்குப் போறதுக்கு இத்தினை சாமானே?" என்று கிளாக்கர் சிரித்துவிட்டார்.

"மச்சான் வீட்டுல ரெண்டு நாளு தங்குவோமுங்க" என்றான் அவன். கடையில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணனுக்கு அன்று முழுக்க முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

மூன்றாம் நாள் பேச்சியம்மா அடுப்படியிலிருந்து கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"என்னங்க, அவரு நேர்ப் பொட்டிக்குத்தான் ஆளு எண்ணுறாராம். மொதலாளி சம்சாரம் யோகேஸ்வரியம்மா இப்பத்தான் சொல்லிட்டுப் போனாங்க. எத்தனை பேரு தலைமன்னாருக்குப் போறாங்கன்னு பாத்துத்தான் பொட்டி விடுவாங்களாம்."

"அப்படிச் சொல்லித்தான் எழுதுவாங்க. ஊர விட்டு வெரட்டத்தான் எழுதுறோம்னு சொல்லுவானா? நீ உள்ள போ."

"பொட்டிக்குத்தாங்க."

"ஒனக்கு யாரு என்ன சொன்னாலும் வேதவாக்கு. போ, அடுப்பப் பாரு."

பேச்சியம்மா போனார். அண்ணன் அடுத்து வந்தவர்களுக்கும் அதே பாடத்தைச் சொன்னார். அந்த அம்மா சொல்வது உண்மையாக இருக்குமோ என்று தோன்றியும் நான் வாயைத் திறக்கவில்லை. சந்தேகப்பட்டவன் எப்போதும் புத்திசாலி மாதிரியும் நம்பியவன் ஏமாளி மாதிரியும் தெரிகிற காலம் அது.

ஏழு நாள் முடிந்ததும் கிளாக்கர் மேசையை மடக்கிவிட்டு ரயில் ஏறினார். நாங்களும் மறந்துவிட்டோம். பேச்சியம்மா மட்டும் சுக்கும் பெருங்காயமும் வாங்கி இடித்து, மகளுக்குப் பிரசவ மருந்து கிளறத் தொடங்கினார். பெட்டி வந்துவிடும் என்று அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

ஆடியில் ஒரு பகல், சண்முகராஜா முதலாளி கையில் ஒரு காகிதத்தோடு கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். முகம் சரியில்லை. மனுவுக்குப் பதில் வந்திருந்தது. இங்கிலீஷில் இருந்ததை அவரே தமிழில் சொன்னார்.

"ஏழு நாளுல தலைமன்னாருக்குப் போறோம்னு சொன்னவங்க மொத்தமே பதினோரு பேராம். டிக்கெட்டும் அதுக்கு மேல விக்கலையாம். பொல்காவலையில மாறிப் போற வசதியே ஹட்டனுக்குப் போதுமானதுன்னு எழுதிட்டாங்க."

"பதினோரு பேருதானா?" என்று உள்ளேயிருந்து பேச்சியம்மாவின் குரல் வந்தது. அண்ணன் கிளாசைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முதலாளி குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார். "பதினோரு பேரும் என்ன சொன்னாங்கன்னு கீழ எழுதியிருக்கு சிவசாமி. ஒரே ஒருத்தருதான் காரணத்தோட சொல்லியிருக்காங்க. 'ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் பெண். இடுப்பு ஊனம். மகளின் பிரசவத்துக்குப் போக வேண்டும். மேம்பாலம் ஏற முடியாது.' அது உன் சம்சாரந்தானே?"

அண்ணன் விறகு வாங்கப் போயிருந்த ஒரு மத்தியானம், பேச்சியம்மா கம்பை ஊன்றித் தெருவைக் கடந்து, அந்த மேசைக்குப் போய்த் தன்னை எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இருந்த நானே பார்க்கவில்லை.

பேச்சியம்மா வாசலுக்கு வந்துவிட்டார். "ஏங்க, நம்ம கடையில ஒரு நாளைக்கே பதினோரு பேரு மூட்டையோட உக்காந்திருப்பாங்களே. மத்தவங்கெல்லாம் எங்கன்னு சொன்னாங்க?"

நான் மெஷினைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். யார் முகத்தையும் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"நான்தான் சொல்ல வேணாம்னேன்" என்றார் அண்ணன்.

"நான் சொன்னேன்ல, பொட்டிக்குத்தான்னு?"

"சொன்ன."

"அப்ப என்னையுமா நம்பல?"

அந்த அம்மா கத்தியிருந்தால், இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் எங்களுக்கே ஆறுதலாக இருந்திருக்கும். திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டார்.

பிறகு ஒரு மாதம் அண்ணன் கெஞ்சினார். இந்தத் தடவை நாலு ஆள் வைத்து நாற்காலியோடு பாலத்தைத் தாண்ட வைக்கிறேன் என்றார். என்னையும் கூட வரச் சொன்னார். நானும் சரி என்றேன். பேச்சியம்மா அசையவில்லை. "போன தடவையும் தூக்கிருவேன்னுதான் சொன்னீங்க. புள்ளை பெறப் போறவகிட்ட நான் காலையும் ஒடிச்சுக்கிட்டுப் போயி நிக்கவா? நீங்க போங்க. மருந்தக் கொண்டுபோயிக் குடுங்க" என்றார்.

ஆவணி பிறந்ததும் அண்ணன் தனியாகப் போனார். ஸ்டேஷனில் தலைமன்னாருக்கு என்று உரக்கச் சொல்லி டிக்கெட் எடுத்தார். எழுதிக்கொள்ள அங்கே மேசை இல்லை.

திரும்பி வந்தபிறகு அவர் துறையூரைப் பற்றி என்னிடம் ஒருமுறைதான் பேசினார். அவர் மாட்டுவண்டியை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது மீனம்மா பிள்ளை பெற்று மூன்று நாள் ஆகியிருந்தது. ஆண் பிள்ளை. அப்பாவைக் கண்டதும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தலைமுடியை அவசரமாக முடிந்துகொண்டு, பிள்ளையைத் துணியில் சுற்றிக் கையில் ஏந்திக்கொண்டாளாம். பிறகு வெளியே இருந்த புருஷனைக் கூப்பிட்டாளாம்.

"இந்தாங்க, அம்மா வண்டியில இருக்காங்க. அவங்களுக்கு எறங்க வராது, போயிக் கையக் குடுங்க."

மாப்பிள்ளை வாசலுக்கு ஓடினார். அண்ணன் மருந்துச் சட்டியைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு, வண்டியில் யாரும் இல்லை என்று சொன்னார்.