லோகுவின் கேசட்டும் எங்கள் அஞ்சு எச்.பி. மோட்டாரும்

கருவாட்டுத் தூள் வாசனை வந்தால் எனக்கு இன்றும் கிட்டார் சத்தம்தான் ஞாபகம் வரும்...

சிரிக்காதீர்கள். எண்பதுகளின் நடுவில், எருமப்பட்டிப் பக்கம், எங்கள் பக்கத்துத் தோட்டத்து லோகு தன் கேசட்டைப் பதிந்தது அவன் வீட்டுக் கோழித் தீவன ரூமில்தான். சுற்றிலும் மக்காச்சோள மூட்டை, தவிட்டு மூட்டை, மூலையில் கருவாட்டுத் தூள். மூட்டைகளை அடுக்கி வைத்தால் எதிரொலி வராது என்று அவனாகவே கண்டுபிடித்திருந்தான். காலையெல்லாம் கத்தும் கோழிகள் மதியம் இரண்டு மணிக்கு ஓய்ந்துவிடும். அதுதான் ரெக்கார்டிங் நேரம்.

நானும் அவனும் ஒரே மெல்லிசைக் குழு. கோயில் நோம்பி, கல்யாணம் என்று ஆத்தூர் வரைக்கும் போவோம். நான் பாடகன். முன்னால் மைக், மினுமினுக்கும் சட்டை... அவன் பின்னால் நின்று கிட்டார் வாசிப்பான். அந்த ஏற்பாடு எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

ஒரு நாள் வேனில் வரும்போது சொன்னான்.

"மாப்ள, நானே நாலு பாட்டுக் கட்டியிருக்கறன். எல்லாத்தயும் நானே வாசிச்சுப் பதியலாம்னு இருக்கறன்."

"பாடறது யாரு?"

"எம்பாட்ட நாந்தானடா பாடோணும்!"

எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை, நன்றாகவே எரிந்தது. குழு நடத்துகிறவர் காதில் அந்தக் கேசட் விழுந்தால் மைக் என் கையை விட்டுப் போய்விடும். லோகுவின் குரல் எப்படிப்பட்டது என்று குழுவில் எனக்கு மட்டும்தான் தெரியும். வேனில் முணுமுணுத்துக்கொண்டு வருவான், நான் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன்.

அவனிடம் ஒரு டேப் ரெக்கார்டர், மாமா வீட்டிலிருந்து இரவல் வாங்கியது ஒன்று. முதலில் ஒன்றில் கிட்டாரைப் பதிவான். அதை ஓடவிட்டு, கூடவே மவுத் ஆர்கன் வாசித்து மற்றதில் பதிவான். அப்புறம் அதை ஓடவிட்டுப் பாடுவான். தாளத்துக்குக் காலித் தீவன டின்.

ஒரு தடவை நான் அங்கே இருந்தபோது, எங்கள் கிணற்று மோட்டாரை அப்பா போட்டார். இரண்டு தோட்டத்துக்கும் ஒரே லைன். தீவன ரூம் பல்பு மங்கியது. வோல்டேஜ் இறங்கியதும் டேப் இழுத்தது... கிட்டார் சுதி கீழே போய்விட்டது. லோகு தலையில் கை வைத்தான்.

எனக்கு வழி கிடைத்தது.

மறுநாளிலிருந்து இரண்டேகால் ஆனால் மோட்டார் ரூமில் இருப்பேன். அவன் கிட்டாரைப் பதிந்து முடித்து அடுத்ததற்குப் போகும் நேரம் பார்த்து ஸ்டார்ட்டரை அமுக்குவேன். வெங்காயக் காட்டுக்குத் தண்ணீர் கட்டுகிறேன் என்று வீட்டில் பேர். இரண்டு மூன்று நாள் அவன் முகம் தொங்கிக் கிடந்தது. நான் மட்டும் தெம்பாக இருந்தேன். அப்புறம் அவன் முகம் தெளிந்துவிட்டது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. விடாமல் மோட்டாரைப் போட்டேன்.

பத்து நாள் கழித்து அப்பா காட்டில் நின்று கத்தினார். "ஏன்டா சாமி, வெங்காயத்துக்கு இத்தன தண்ணி கட்டுனா அழுகிப் போயிராதா?" பாதிக்கு மேல் அழுகித்தான் போயிருந்தது. அன்று மதியம் நான் மோட்டார் பக்கமே போகவில்லை.

இரண்டரை மணிக்கு லோகு வேலியைத் தாண்டி ஓடி வந்தான்.

"ஏன்டா தங்கராசு, இன்னிக்கு மோட்டாரு போடுலியா?"

கையிலிருந்த அழுகின வெங்காயத்தைக் கீழே போட்டேன்.

"நீ எப்பப் போடுவீன்னு தெரியாமத்தான்டா மொதல்ல திண்டாடிப் போயிட்டன். அப்பறந்தான் ஓசன வந்துச்சு. நீ தெனமும் போடற. அது ஓட ஆரம்பிச்சதுக்கப்பறம் எல்லாத்தயும் பதிஞ்சா வோல்டேஜு ஒரே சீரு, சுதி மாறறதேயில்ல! மூணு பாட்டு முடிஞ்சுது. இன்னும் ஒண்ணே ஒண்ணு. போடு மாப்ள!"

கிணற்றில் தண்ணீர் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கையெல்லாம் தவிடு.

போட்டேன்... தண்ணீரை அழுகின வெங்காயத்துக்கே விட்டேன்.

அடுத்த நோம்பிக்கு மைக் அவன் கைக்குப் போனது. முழுசாகப் போகவில்லை, இரண்டு பாட்டுக்கு. ஆனால் கைதட்டல் எந்த இரண்டுக்கு என்று எனக்குக் கேட்டது. எனக்குக் கொடுத்த கேசட்டின் அட்டையில் அவன் கையெழுத்து. பாட்டு, கிட்டார், மவுத் ஆர்கன், தாளம் எல்லாம் லோகநாதன். கீழே, மோட்டார் உதவி தங்கராசு. கிண்டல் இல்லை, அவனுக்கு அப்படியெல்லாம் வராது. அதுதான் இன்னும் எரிந்தது.

இப்போது என் பேரன் ரூமைச் சாத்திக்கொண்டு, போனிலேயே பத்து வாத்தியம் சேர்த்துப் பாடி, சாயங்காலத்துக்குள் ஊருக்கே அனுப்பிவிடுகிறான். பக்கத்து வீட்டுக்காரன் பொறாமைப்பட்டால் கெடுப்பதற்கு ஒரு பட்டன்கூட இல்லை.

போன வாரம் லோகுவின் மகள் அந்தக் கேசட்டை நம் வாட்ஸப் குரூப்பில் போட்டாள். எல்லோரும் "வாய்ஸ் சூப்பர்ண்ணா" என்று எழுதினீர்கள். நானும் ஒரு கட்டைவிரல் போட்டேன். அதற்குப் பிறகு எட்டுத் தடவை கேட்டேன். ஒரு இடமாவது சுதி பிசகியிருக்காதா என்று.

பிசகவில்லை.

லோகு, இதை நீயும் படிப்பாய். அன்றைக்கு வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டவில்லைடா. உன்னைக் கெடுக்கத்தான் போட்டேன்.

ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். நாலு பாட்டிலும் பின்னால் உம்மென்று ஒரு சத்தம் ஓடும். இருபது வருடம் மேடையில் பாடினேன்... என் குரல் எந்தக் கேசட்டிலும் இல்லை. என் மோட்டார் மட்டும் இருக்கிறது.