நாலாவது பெஞ்சுக்கு ஒரு வரி

பதினான்கு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து, வேலைக்கு நடுவே படித்துப் பாஸாகி, நாற்பத்தோரு வயதில் மூன்றாம் வகுப்பு டீச்சராக வந்து சேர்ந்தவள் அவள். டிப்போவில் அவளுக்கு ‘விசில்’ என்று பெயர். இப்போது எல்லாரும் மரியாதையாக டீச்சர் என்கிறார்கள். அவள் வண்டியை ஓட்டிய டிரைவர் மட்டும் இன்னும் விசிலு என்றுதான் கூப்பிடுகிறார். கட்டிக்கொண்டவர் அவர்தான் என்பதால் ஒன்றும் செய்வதற்கில்லை.

திங்கட்கிழமை நாலு மணிக்குப் பெற்றோர் கூட்டம். அவளுக்கு முதல் கூட்டம். பஸ் நிறைய ஜனங்களை ஒரே அதட்டலில் அடக்கியவளுக்கு, முப்பத்தோரு பெற்றோரிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அதற்காக ஒரு நோட்டு போட்டிருந்தாள். பிள்ளைக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு ஒரு வரி. அந்தப் பிள்ளையைப் பற்றி மட்டுமே சொல்லக்கூடிய வரியாக அது இருக்கவேண்டும். மார்க்கைத்தான் ரிப்போர்ட்டே சொல்லிவிடுமே, அதற்கு நான் எதற்கு என்பது அவள் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் ஒத்திகை நடந்தது. புருஷன்தான் முப்பத்தோரு பெற்றோரும்.

“என் பையன் எப்படிங்க டீச்சர்?” என்று தொண்டையைச் செருமினார்.

“பென்சில் கொண்டு வராதவங்களுக்குத் தன்னோடதை ஒடிச்சுக் குடுத்திடுவான். அப்புறம் அவனே இல்லாம முழிப்பான்.”

“என்னை மாதிரியே இருக்கானே! சரி, என் பொண்ணு?”

“கழித்தல் கணக்கு வந்தா அழுவா. ஆனா விடை வர்ற வரைக்கும் விடமாட்டா.”

வண்டி நன்றாகத்தான் ஓடியது. இருபத்தாறாவது பக்கத்தில் நின்றுவிட்டது. பக்கம் வெள்ளையாக இருந்தது. நாலாவது பெஞ்சில் சுவரோரம் உட்காரும் பெண். இரண்டு மாதத்தில் சண்டை போட்டதில்லை, கை தூக்கியதில்லை, ஒரு நாள் லேட்டாக வந்ததில்லை.

“அமைதியான பொண்ணுன்னு சொல்லிடேன்,” என்றார் அவர்.

“கவனிக்காத பிள்ளைய எல்லாரும் அப்படித்தாங்க சொல்லுவாங்க. நம்ம வண்டியில தினமும் ஏறி, வம்பு தும்பு இல்லாம ஓரமா உக்காந்து இறங்கிப் போவாங்களே, அதுல ஒருத்தர் முகமாவது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

“நான் ரோட்டைப் பார்த்தேன் விசிலு. ஆளைப் பார்க்கிறது உன் டூட்டியாச்சே.”

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

“இன்னொண்ணு,” என்றார். “நாளைக்கு அங்க போய் பஸ்ஸு பேச்சு பேசித் தொலைக்காதே.”

மறுநாள் காலையிலிருந்து அந்தப் பெண்ணை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். பாவம், அது மிரண்டுபோய்ப் புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டது. நாலு மணியாகியும் பக்கம் வெள்ளையாகவே இருந்தது.

பெற்றோர் வந்தார்கள். வந்தவர்கள் வாசற்படியிலேயே கூட்டமாக நின்றார்கள். முதலில் உள்ளே போக எல்லாருக்கும் தயக்கம். அவள் வாய் சும்மா இருக்குமா?

“உள்ள போங்க, உள்ள போங்க! படியில நிக்காதீங்க, பின்னால எடம் இருக்கு!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவின் உடுப்போடு வந்திருந்த ஒரு பெண்மணி கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

இருபத்தாறாவதாக எதிரே வந்து உட்கார்ந்தவரும் அவர்தான். “நாலாவது பெஞ்சு, சுவரோரம். அவ அம்மா நான்.”

அமைதியான பொண்ணு என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, டீச்சர் நோட்டைத் திருப்பிக் காட்டினாள்.

“மன்னிச்சுக்கோங்கம்மா. எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரு வரி எழுதினேன். உங்க பொண்ணுக்கு எழுத முடியல. தப்பு அவ மேல இல்ல. நான்தான் பார்க்கல.”

அந்தம்மா வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை.

“எங்க வீட்டுல தினமும் நீங்கதான் டீச்சர் பாடம் நடத்துறீங்க. காதுல பென்சிலைச் சொருகிக்குவா. மேசையை ரெண்டு தட்டு தட்டி ‘ரைட், போலாம்’னு சொல்லுவா. ‘படியில நிக்காதீங்க’ன்னு அவ அப்பாவையே விரட்டுவா. இவளா கட்டிவிடறான்னு நினைச்சேன். இன்னைக்கு உங்க வாயால கேட்டதும் சிரிப்பை அடக்க முடியல.”

டீச்சரின் கை தானாகக் காதுக்குப் போனது. பென்சில் அங்கேதான் இருந்தது.

“தலையணையை எல்லாம் வரிசையா உக்கார வச்சுக் கேள்வி கேப்பா டீச்சர். ஆனா முதல் கேள்வி எப்பவும் நாலாவது பெஞ்சுக்குத்தான்.”

டீச்சருக்கு வெட்கமாகவும் இருந்தது, அந்தப் பிள்ளையை அப்படியே வாரிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. குனிந்து, ‘என்னை ஒன்று விடாமல் பார்த்திருக்கிறாள்’ என்று அந்தப் பக்கத்தில் எழுதினாள்.

மறுநாள் காலை மேசையை இரண்டு தட்டு தட்டினாள்.

“ரைட், போலாம். முதல் கேள்வி நாலாவது பெஞ்சுக்கு. சுவரோரம், நீ சொல்லு. ஏழும் எட்டும் எவ்வளவு?”

முப்பது தலைகள் திரும்பின. அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

“பதினாறு!” என்றாள், பக்கத்து வகுப்புக்கே கேட்கும்படி.

அந்தக் குரலை முதல்முறையாகக் கேட்ட டீச்சர், விடை தப்பு என்று சொல்லவே மறந்து நின்றாள்.