அய்யனாருக்கு வைத்த பத்திரிகை

குழைத்த மஞ்சளில் விரலை முக்கிக் கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் வைக்கும்போது, அச்சு மையும் ஈர மஞ்சளும் கலந்து ஒரு வாசனை எழும். சிறுமியாக இருந்த எனக்கு அதுதான் கல்யாண வாசனை, பந்தியில் வரும் சாம்பார் வாசனையெல்லாம் அதற்குப் பிறகுதான். உடையார்பாளையத்துப் பக்கம் எங்கள் ஊரில் அந்த வேலை சின்னப் பிள்ளைகளுக்கே வரும், கூடவே அச்சடித்த பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிக்கிற சுகமும். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் அவர் படிப்பு இருக்கும். பெண்ணின் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் மாப்பிள்ளையைவிட ஒரு படி குறைவாகத்தான் இருந்தாக வேண்டும்.

என் அப்பாவின் தங்கை மல்லிகா அத்தைதான் எங்கள் தெருவில் காலேஜுக்குப் போன முதல் பெண். முந்திரிக் கொல்லை வழியாக நடந்து, அய்யனார் கோயிலடியில் "டவுன் பஸ்" பிடித்து, அரியலூருக்குப் போய் பி.எஸ்சி. கணிதம் முடித்தாள். படிக்க வைத்ததும் அப்பாதான், "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு" என்றவர்களின் வாயை அடைத்ததும் அவர்தான். அப்பேர்ப்பட்டவருக்கு அரும்பாவூரிலிருந்து நல்ல வரன் வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை ஐ.டி.ஐ. முடித்து மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். பெண் அவரைவிடப் படித்தவள் என்றால் வேண்டாமென்று போய்விடுவார்களோ என்று, "பொண்ணு பிளஸ் டூங்க" என்று அப்பா சொல்லிவிட்டார். பெண் பார்க்க வந்த அன்று அத்தையை வாயே திறக்க விடவில்லை. பத்திரிகையும் "பிளஸ் டூ" என்றே அச்சாகி வந்தது.

அத்தை அழவில்லை, சோற்றை ஒதுக்கவில்லை. எங்கள் வழக்கப்படி முதல் பத்திரிகை குலதெய்வமான அய்யனாருக்கு. அவருக்கு வைக்காமல் வேறு ஒரு வீட்டுப் படியும் ஏற மாட்டோம். கோயிலுக்குக் கிளம்பும் நேரத்தில், தாம்பாளத்தில் நான் மஞ்சள் தடவி வைத்திருந்த பத்திரிகையை அத்தை எடுத்தாள். பேனாவால் "பிளஸ் டூ"வை அடித்து, மேலே பி.எஸ்சி. என்று எழுதி, மறுபடியும் வெற்றிலை பாக்கின் மேல் வைத்துவிட்டாள்.

"என்னா புள்ள பண்ற? நல்ல காரியத்துப் பத்திரிகைய அடிச்சிட்ட!" என்று அப்பா பதறினார்.

"ஊருக்கு எத வேணா குடுங்கண்ணே. சாமிக்குத் தெரியாதா? அவரு வாசல்லதான தெனமும் பஸ் ஏறுனேன்?"

ஊர் வாய்க்கு அஞ்சாத அப்பா அய்யனாருக்கு அஞ்சுவார். தாம்பாளத்தை அப்படியே வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, உள்ளதைச் சொல்லிவிட அரும்பாவூருக்குப் பஸ் ஏறிவிட்டார். கல்யாணம் நின்றுவிட்டது என்றே அம்மா முடிவுகட்டிவிட்டாள். எனக்கோ, தைத்து வந்த புதுப் பாவாடை வீணாகிவிடுமே என்ற கவலை. அத்தை மட்டும் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், ஆனால் பஸ் சத்தம் கேட்ட போதெல்லாம் கத்தி நின்றது.

பொழுது சாயும் நேரத்தில் அப்பா ஒரு பை நிறையச் சின்ன வெங்காயத்தோடு வந்து இறங்கினார். மாப்பிள்ளை வீட்டார் கொடுத்தனுப்பிய பையைப் பார்த்ததுமே அம்மாவுக்கு உயிர் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா சிரித்தாராம்: "எங்க வூட்ல கணக்குன்னா எல்லாரும் மோட்டுவளையப் பாக்குறோம். படிச்ச புள்ள வந்தா வேணாங்குவமா? இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?" மாப்பிள்ளை ஒன்றுதான் கேட்டாராம்: "அப்ப எல்லாப் பத்திரிகையும் திருத்தணும்ல?" அன்றிரவு அத்தையே எல்லாவற்றையும் தன் கையால் திருத்தினாள். அவ்வளவு சந்தோஷமாக யாரும் அடித்து எழுதி நான் பார்த்ததில்லை.

போன ஆவணியில் அத்தையின் மகளுக்குக் கல்யாணம். அவள் பிஎச்.டி. முடித்தவள், மாப்பிள்ளை என்ன படித்தார் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. "பேருக்குப் பின்னாடி ஒண்ணும் போட வேணாம்மா, எல்லாருந்தான் படிச்சிருக்காங்க" என்று அவள் சொல்லிவிட்டாள். பத்திரிகை முக்கால்வாசிப் பேருக்கு போனில்தான் போனது. அச்சடித்த கொஞ்சத்திலும் மூலை மஞ்சள் அச்சிலேயே வந்துவிட்டது, அடைப்புக்குறியைத்தான் காணோம்.

பிறந்த வீட்டுச் சாமிக்கும் ஒன்று வைக்க அத்தை எங்கள் ஊருக்கு வந்தாள். மஞ்சள் கிண்ணத்தோடு நானும் கூடப் போனேன். கோயில் வாசலில் பையைத் துழாவிப் பேனாவை எடுத்து, மகள் பெயருக்குப் பின்னால் பிஎச்.டி. என்று எழுதினாள். பிறகு பெற்றோர் வரியில் தன் பெயருக்குப் பக்கத்திலும் பி.எஸ்சி. என்று எழுதிப் பத்திரிகையை என்னிடம் நீட்டினாள்.

"மஞ்ச வையிடி."