யாரும் எதையும் தொடவில்லை

அலுவலகங்களில் நெட்வொர்க் பழுது பார்ப்பது என் தொழில். பழுதைவிட எனக்கு எரிச்சல் மூட்டுவது, போகிற இடத்திலெல்லாம் கேட்கும் இரண்டு வாக்கியங்கள். ஒன்று, "கூட டெக்னீஷியன் யாரும் வரலையா மேடம்?" நான்தான் அது என்று சொன்ன பிறகும் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். இன்னொன்று, "நாங்க யாரும் எதையும் தொடவே இல்ல." இதை எவ்வளவு அழுத்திச் சொல்கிறார்களோ அவ்வளவுக்கு யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

தி. நகரில், பனகல் பார்க்கிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு மருந்து மொத்த விற்பனை அலுவலகம். கீழே கிடங்கு, மாடியில் கம்ப்யூட்டர்கள். நடத்துவது மயிலாப்பூர்க் குடும்பம். முதலாளிக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. கத்துவார், ஆனால் காபி கொடுக்காமல் யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார். பில் போடுவதையும் கம்ப்யூட்டர் பொறுப்பையும் ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை பிறந்து சில வருடம் வீட்டில் இருந்துவிட்டு, எத்தனையோ இடத்தில் ஏறி இறங்கி இந்த வேலையைப் பிடித்திருந்தாள். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

அன்று காலை போன் செய்தது அவள்தான்.

"மேடம், நெட் நல்லா வருது. பில்லிங் சாஃப்ட்வேர் மட்டும் திறக்க மாட்டேங்குது. சர்வர் கிடைக்கலைன்னு வருது."

"யாராவது எதையாவது மாத்தினீங்களா?"

"இல்ல மேடம். யாரும் எதையும் தொடல."

சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கினாள். தேனாம்பேட்டை சிக்னலில் ஸ்கூட்டரோடு மாட்டிக்கொண்டு வெயிலில் நின்றபோதுதான் அந்தத் தயக்கம் எனக்கு உறைத்தது.

போய்ச் சேர்ந்தால் வாசலை அடைத்துக்கொண்டு டெலிவரி வேன். டிரைவர் என் பையைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

"இன்னா மேடம், பில்லு வருமா வராதா? காலைலேர்ந்து வண்டி நின்னுகினு கீது. ஐஸ் பொட்டில ஊசி மருந்து வேற கீது. ஆஸ்பத்திரிக்காரன் போன் மேல போன் போட்டுகினு கீறான்."

பில் இல்லாமல் மருந்து வாசலைத் தாண்டக் கூடாது. எனக்கும் அது தெரியும். மாடிக்கு ஓடினேன்.

முதலாளி கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். "வாம்மா. எவனோ கை வெச்சிருக்கான். யாருன்னு கண்டுபிடிச்சு எனக்குப் பேர் சொல்லு. யாரா இருந்தாலும் இன்னியோட வீட்டுக்கு அனுப்பிடறேன்."

அந்தப் பெண் பிரிண்டர் பக்கத்தில் நின்று, ஏற்கெனவே அடுக்கியிருந்த காலித் தாள்களை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். ரௌட்டரின் பாஸ்வேர்ட் அவளிடமும் முதலாளியிடமும்தான் உண்டு. முதலாளிக்கு ரௌட்டர் எந்த அலமாரியில் இருக்கிறது என்றே தெரியாது. ஆக, அந்த மிரட்டல் யார் தலையில் விழும் என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முதலாளியின் அறை சோபாவில் அவருடைய மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. மனைவி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்ததால் அவரும் வந்து, வீட்டில் சத்தம் அதிகம் என்று இங்கே லேப்டாப்போடு உட்கார்ந்துவிட்டார். காதில் ஹெட்போன். என்னைப் பார்த்துச் சிரித்தார். முதலாளி பூனை மாதிரி நடந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மாப்பிள்ளைக்கு மீட்டிங். கொஞ்சம் மெதுவாப் பேசுங்கோ." அதுவரை கத்திக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

வேலையை ஆரம்பித்தேன். சர்வரை அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், பதில் இல்லை. அதன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டேன், உடனே பதில் வந்தது. ஆக சர்வர் உயிரோடு இருக்கிறது, கம்பியும் சரி, பெயர்தான் யாருக்கும் தெரியவில்லை. இதில் குழப்பம் என்னவென்றால், கணக்கர் மேஜையில் மட்டும் எல்லாம் ஓடியது. அவர் தன் கம்ப்யூட்டரைச் சாயங்காலம் அணைப்பதே இல்லை. மற்றவர்கள் அணைத்துவிட்டுப் போய்க் காலையில் போட்டவர்கள். பழைய நினைவோடு இருப்பது ஓடுகிறது, புதிதாக எழுந்ததெல்லாம் விழிக்கிறது. இதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

கம்ப்யூட்டர்களுக்கு ஒன்றை ஒன்று எண்ணால்தான் தெரியும். பெயரைச் சொன்னால் எண்ணை எடுத்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். இந்த அலுவலகத்தில் அந்த வேலையை பில்லிங் சர்வரே செய்துகொண்டிருந்தது. "எதுவானாலும் சர்வரைக் கேள்" என்று ரௌட்டர் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் காலையில் சொல்லி அனுப்பும். இப்போது அது வேறு யாரையோ கேட்கச் சொல்லியிருந்தது. ஊர் உலகத்துக்கெல்லாம் பொதுவாக இருக்கும் வெளி முகவரி ஒன்று. அதற்கு உலகத்தில் உள்ள அத்தனை வெப்சைட்டும் அத்துப்படி, இந்த மாடியில் இருக்கும் சர்வரைத் தெரியாது. ரங்கநாதன் தெருவில் போகிறவரை நிறுத்தி எங்கள் வீட்டு பீரோ சாவி எங்கே என்று கேட்டால் அவர் பாவம் என்ன சொல்வார்?

ரௌட்டருக்குள் நுழைந்து பார்த்தேன். முந்தின நாள் மாலை மாற்றியிருக்கிறார்கள். எந்தக் கருவியிலிருந்து என்பதும் பதிவாகியிருந்தது. மாப்பிள்ளையின் முழுப் பெயர், கடைசியில் லேப்டாப் என்ற சொல்லோடு.

அந்தப் பெண் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. மாடிப்படிப் பக்கம் வரச் சொன்னாள்.

"சொல்லிடாதீங்க அக்கா." மேடமாக இருந்த நான் அக்காவாகியிருந்தேன். "நெட் ஸ்லோவா இருக்குன்னு நேத்து பாஸ்வேர்ட் கேட்டாரு. மாப்பிள்ளை கேட்டா எப்படிக்கா மாட்டேன்னு சொல்றது?"

"காலைல பில் வரலைன்னதும் அவர்கிட்டயே போய்ச் சொல்றதுதானே?"

"நானா? நேத்து கூட இருந்து பார்த்த மேனேஜரே வாயைத் திறக்கல. சார் காதுல விழுந்தா மாப்பிள்ளைய மாட்டிவிட்டவன்னு ஆயிடும். அப்பறம் நான் இங்க இருக்க முடியுமா?"

"சொல்லாட்டி மட்டும்? பாஸ்வேர்ட் உன்கிட்டதானே இருக்கு?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள் மேல் இல்லை. கீழே ஐஸ் பெட்டி உருகிக்கொண்டிருக்க, மேலே இத்தனை பேர் மூச்சு விடாமல் ஒரு மீட்டிங்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்களே, அதன் மேல்.

முதலில் பழைய முகவரியை ரௌட்டரில் போட்டுச் சேமித்தேன். எல்லோரையும் கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னேன். சர்வரின் பெயர் எல்லா மேஜையிலும் தெரிய ஆரம்பித்தது, பிரிண்டர் இரைந்தது. கீழே டிரைவருக்குக் குரல் கொடுத்தார்கள். அத்தோடு பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். முதலாளி விடவில்லை.

"சரி ஆயிடுத்தா? சந்தோஷம். இப்ப பேரைச் சொல்லு."

அறைக் கதவு திறந்திருந்தது. மாப்பிள்ளை ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெட் இணைப்பு கொடுக்கும் லைன்காரன் தப்பு என்று சொல்லியிருக்கலாம், எங்கள் தொழிலில் எல்லாப் பழியையும் தாங்க அவன் இருக்கிறான். ஆனால் முதலாளியின் பார்வை ஏற்கெனவே அவள் பக்கம் போய்விட்டது. "பாஸ்வேர்ட் உங்கிட்டதானேம்மா இருக்கு?" என்று ஆரம்பித்துவிட்டார். நான் என் லேப்டாப்பைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே திருப்பினேன்.

மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு, "இதெல்லாம் எனக்கு என்ன புரியறது? லைன்லதான் ஏதோ கோளாறு" என்றார்.

என்னால் அடக்க முடியவில்லை. "பேர் கேட்டீங்க சார். பேர் வந்ததும் லைனா?"

சத்தம் கேட்டு மாப்பிள்ளை எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தார். "அட, நான் மாத்தினதா? காலைலேர்ந்து பில் போகாதது இதனாலயா?" முகம் சிவந்துவிட்டது. "என்ன மாமா, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே மாத்தியிருப்பேனே? ரெண்டு தடவை வெளில வந்து என்ன பிரச்னைன்னு கேட்டேன். எல்லாரும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுட்டா."

"உங்களைப் போய்த் தொந்தரவு பண்ணலாமா மாப்பிள்ளை?"

"இவங்க நேத்திக்கே சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்னு சொன்னாங்க. நான்தான் மாமாகிட்ட நானே சொல்லிக்கறேன்னு பாஸ்வேர்டை வாங்கினேன். அப்பறம் மறந்தே போச்சு. சாரிங்க." கடைசி வார்த்தை அந்தப் பெண்ணுக்கு.

அவள் பரவால்ல சார், பரவால்ல சார் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சற்று முன்புவரை பெங்களூர்க்காரன் மேல் எனக்கிருந்த கடுப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. அவ்வளவு பேரில் நேராகப் பேசியவர் அவர் ஒருவர்தான், அவரிடம்தான் யாரும் பேசவில்லை.

மாப்பிள்ளை அறைக்குள் போனதும் முதலாளி என்னைப் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். மாற்றி அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன்.

"யார் கேட்டாலும் குடுக்காதே. நானே கேட்டாலும் சரி" என்றார் அவளிடம்.

அவள் தலையாட்டினாள். பிறகு, அன்று முழுவதும் வராத துணிச்சல் எங்கிருந்தோ வந்து கேட்டேவிட்டாள். "மாப்பிள்ளை சார் கேட்டா?"

முதலாளி அறைக் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கேட்டாக் குடுத்துடு. குடுக்காம எப்படி? ஆனா ஒண்ணு. அப்பறம் ஏதாவது ஆச்சுன்னா, நான்தான் குடுக்கச் சொன்னேன்னு எல்லார் எதிரயும் சொல்லு. நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. "சரி சார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வண்டிக்குப் பில் போட உட்கார்ந்தாள்.