திறந்த காரில் சத்தம் பிடித்த பரமேஸ்வரி அக்கா

எஹலியகொடவில் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்பைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் விடாமல் அதிர்ந்தது. மூன்றாவது முறை எடுத்தேன். எங்கள் ஊர் ஜெமீல் ஹாஜியார். பரமேஸ்வரிக்குக் காலையில் நெஞ்சுவலி வந்ததாகவும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாகவும் சொன்னார். “சரி” என்றேன். உடம்புக்கு முடியவில்லை என்று அக்கா அன்று வேலைக்கு வந்திருக்கவில்லை. போனை வைத்துவிட்டு மறுபடி கேமராவைத் தூக்கினேன். நாதஸ்வரத்துக்கு மிக அருகில் போய் நின்றது பிறகுதான் உறைத்தது. அக்கா இருந்திருந்தால் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்திருப்பார்.

தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் பதினெட்டு வருடம் ரப்பர் பால் வெட்டியவர் அவர். பிறகு ஒன்பது வருடம் என் ஸ்டூடியோவில் சத்தத்துக்குப் பொறுப்பாக இருந்தார். உங்களில் பலர் உங்கள் வீட்டு விசேஷத்தில் அவரைப் பார்த்திருப்பீர்கள். காதில் பெரிய ஹெட்போன், இடுப்பில் இழுத்துச் சொருகிய சேலை, பேசுகிறவர்களை அடக்க உயர்த்திய ஒரு விரல்.

அவர் வந்து சேர்ந்ததே ஒரு சண்டையில்தான். தங்கை மகளின் கல்யாண வீடியோவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். படம் நன்றாக இருக்கிறதே என்று நான் பெருமையாகச் சொன்னேன். “கண்ண மூடிக்கிட்டுப் பாருங்க தம்பி, கல்யாணம் நடக்குதான்னு” என்றார். மூடிக்கொண்டு கேட்டேன். மேளமும் ஜெனரேட்டரும்தான் நடந்தன. ஒரு மனிதக் குரல் இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அப்படியானால் நீங்களே வந்து பிடியுங்கள் என்று எரிச்சலில் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் வந்து நின்றார். அந்த வாயை நான் திறந்ததற்காக இன்றுவரை சந்தோஷப்படுகிறேன்.

எங்கள் வேலைகளில் அக்கா என்றும் சொல்லிச் சிரித்தது துர்காவின் கல்யாணக் கார்தான். ஜெமீல் ஹாஜியாரிடம் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. கூரை கிடையாது, இரண்டே இரண்டு சீட். எந்தத் தோட்டத்துத் துரையோ விட்டுப்போன வண்டி. அதைப் பல வருடம் பிரித்துப் பூட்டி உயிரோடு வைத்திருந்தவர் துர்காவின் அப்பா, மெக்கானிக் லோகநாதன். அவர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். ஒரே மகளின் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் போனில் கேட்டது ஒன்றுதான்: மகள் அந்தக் காரில் கோயிலுக்குப் போகும்போது வழியெல்லாம் தன்னோடு பேசிக்கொண்டே போகவேண்டும், தான் அந்தப் பேச்சையும் காரின் சத்தத்தையும் கேட்கவேண்டும். அவர் வேலைத்தளத்தில் பகலில் போன் எடுக்க முடியாது, ஆகவே பதிவு செய்துதான் அனுப்பவேண்டும். ஒரு பயணம், ஒரே ஒரு தடவை. கெட்டுப்போனால் திரும்பக் கல்யாணம் வைக்க முடியாது.

மூன்று நாள் முன்னதாகவே ஒத்திகை தொடங்கினோம். கண்ணாடிச் சட்டத்தில் மைக்கை ஒட்டினேன். கார் ஓடிய இருபது நிமிடமும் காற்றுதான் பேசியது. அக்கா ஒரு யோசனை சொன்னார். ரப்பர் பால் ஏந்தும் தேங்காய்ச் சிரட்டைக்குள் மைக்கை வைத்தால் காற்று படாது. வைத்தோம். துர்கா கிணற்றுக்குள் விழுந்தவள் மாதிரி பேசினாள். அக்காவே சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் யோசனை அதைவிட அழகு. எஞ்சின் மூடியில், பானட்டில், பொருத்திய கேமரா ஆடாமல் இருக்க, அடியில் இன்னும் புகைபோட்டுக் காயவைக்காத பச்சை ரப்பர் ஷீட் ஒன்றை மடித்து வைத்தேன். வேறு ஊர்க்காரனுக்கு இந்தப் புத்தி வந்திருக்காது. எங்களுக்குத்தான் கைநீட்டினால் ரப்பர். எஞ்சின் சூட்டில் அது இளகி, நாறி, ஹாஜியாரின் சிவப்புப் பெயின்டோடு ஒன்றாகிவிட்டது. ஹாஜியார் ஏசவில்லை. கதவில் சாய்ந்து நின்று வானத்தைப் பார்த்தார், அதுதான் தாங்க முடியவில்லை. அக்கா தேங்காயெண்ணெயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பதினெட்டு வருடம் தன் கையில் ஒட்டியதை எடுத்தவருக்கு இது பெரிய காரியமா? மத்தியானத்துக்குள் ஒரு கீறல் இல்லாமல் உரித்துவிட்டார். என்னைப் பார்த்து, “கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், நீங்க கேக்கலையே” என்றார். அதற்கப்புறம் நான் கேட்காமல் எதையும் ஒட்டியதில்லை.

மறுநாள் அவர் தையல் நூல் கொண்டுவந்தார். காருக்குள் இருபது இடத்தில் துண்டு துண்டாகக் கட்டித் தொங்கவிட்டு, ஹாஜியாரை முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். திறந்த காரில் காற்று முன்னாலிருந்து மட்டும் வருவதில்லை, சீட்டுக்குப் பின்னால் சுருண்டு திரும்பி வந்து முகத்தில் அடிக்கிறது என்பதை அன்றைக்குத்தான் நான் தெரிந்துகொண்டேன். நூல் ஆடாமல் கிடந்தது ஒரே இடத்தில்: மீட்டர் பலகைக்கு அடியில், முழங்காலுக்கு மேலே. அங்கே மைக் போனது. பட்டுச்சேலையில் குத்தினால் கரகரக்கும் என்று துர்காவின் சேலையில் அவர் எதையும் குத்தவில்லை. எங்கிருந்தோ ஒரு கரடி பொம்மையின் ரோமத்தோலை உரித்து மைக்குக்குச் சட்டை தைத்தார். இன்னொரு மைக் பின்னால், புகை நேரே அடிக்காமல் சைலன்சருக்குச் சற்று விலகி. வழியில் மறித்த போலீஸ்காரர் அந்த ரோம உருண்டையைக் காட்டி என்ன பிராணி என்று கேட்டபோது, அக்கா சிங்களத்தில் பாடம் எடுத்து, அவரையே மைக்கில் பேசவைத்துக் கேட்கவும் கொடுத்தார். அந்த மனிதர் இரண்டு தடவை பேசினார்.

கல்யாணத்தன்று கார் தோட்டத்து லயத்தில் துர்காவின் வீட்டு வாசலிலிருந்து கிளம்பியது. நாங்கள் ஆட்டோவில் பின்னால் போனோம். துர்காவின் வாய் அசைவது தெரிந்தது, என்ன பேசுகிறாள் என்று தெரியவில்லை. அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஸ்டூடியோவில் கேட்டோம். அப்பாவுக்குச் சொல்ல நாங்கள் எழுதிக்கொடுத்த உருக்கமான வார்த்தைகளில் ஒன்றைக்கூட அவள் சொல்லவில்லை. யார் யார் ரோட்டில் நிற்கிறார்கள், எந்த வளைவு, எந்தப் பாலம் என்று ஒப்பித்திருந்தாள். “ஹாஜியார் மாமா மூணாவது கியருக்கு அவசரப்படுறாருப்பா” என்று கோள்மூட்டியிருந்தாள். ஹாஜியார் பதிலுக்கு முறுக்கிக்கொண்டதும் இருந்தது. கடைசியில் எஞ்சின் தணிந்து, கோயில் மணி கேட்டதும், சின்னக் குரலில் “அப்பா, வந்துட்டோம்” என்றாள்.

எனக்குத் திருப்தியில்லை. எஞ்சின் சத்தத்தைச் சுத்தமாக எடுத்துவிட்டு, முன்னும் பின்னும் வெட்டி, மெல்லிய இசை போடலாம் என்றேன். அக்கா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அவரு காரையும் சேத்துத்தானே கேட்டாரு. நீங்க கழுவித் துடைச்சு அனுப்புனா, அவரு எங்கங்க உக்காருவாரு?”

முதலிலிருந்து கடைசிவரை வெட்டாமல் முழுப் பதிவையும் தன் போனிலிருந்தே அனுப்பிவிட்டார். எனக்கு இரண்டு நாள் மூஞ்சி சரியில்லை.

மூன்றாம் நாள் லோகநாதன் அக்காவுக்குப் போன் எடுத்தார். அழப்போகிறார் என்று நினைத்தோம். “அக்கா, ஹாஜியார்கிட்ட சொல்லுங்க, ஒரு டெப்பட் லூசா இருக்கு” என்றார். ஹாஜியார் அன்றைக்கே எஞ்சினைத் திறந்து பார்த்தார். உண்மைதான், வால்வைத் தள்ளும் அந்தச் சின்னத் துண்டு தளர்ந்திருந்தது. கட்டாரில் இருந்துகொண்டு, தெஹியோவிட்ட ரோட்டில் ஓடிய காரின் கோளாறை ஒரு மனிதர் காதால் கண்டுபிடித்திருக்கிறார். அக்கா குதிக்காத குறை. அந்தப் போனில் லோகநாதன் சொன்ன அடுத்த வாக்கியத்தை அக்கா பிறகு வெகுகாலம் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னார்: “நானும் கல்யாணத்துல இருந்தேங்க்கா.”

கருமாதி முடிந்த மறுநாள் லோகநாதன் எனக்குப் போன் எடுத்தார். அவரிடம் என் வெட்கக்கேட்டை ஒத்துக்கொண்டேன். ஒன்பது வருடம் கூட வேலை செய்தும் அக்காவின் குரல் என்னிடம் இல்லை. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும், படத்தையும் சத்தத்தையும் பிறகு பொருத்துவதற்காக அவர் ஒரு தடவை கைதட்டி இரண்டு வார்த்தை பேசுவார். அதை வெட்டி எறிவதுதான் என் முதல் வேலை. மூலப் பதிவுகளையும் இடம் போதாமல் அழித்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

அவர் போனை வைத்துவிட்டு, அன்று அக்கா வெட்டாமல் அனுப்பிய துர்காவின் பதிவை எனக்குத் திருப்பி அனுப்பினார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். முதலில் ஒரு கைதட்டு. பிறகு சீட்டுக்குப் பக்கத்தில் குனிந்து சொல்கிற மாதிரி, மிக அருகில், அக்கா:

“காத்த நான் பாத்துக்கிறேன். நீ பேசு பாப்பா.”

கார்க் கதவு சாத்துகிற சத்தம். எஞ்சின் உயிர்க்கிறது. எல்லாமாகப் பதினொரு விநாடி. என்னிடம் இருக்கிற பரமேஸ்வரி அக்கா அவ்வளவுதான். அதை நான் வெட்டமாட்டேன்.