சண்டை ஃபோல்டர்

ஒழுங்கில்லாத இடத்தில் எனக்கு இருப்புக் கொள்ளாது. அடுக்களையில் மல்லிப்பொடி இருக்க வேண்டிய இடத்தில் மிளகாய்ப்பொடி இருந்தால், அதை மாற்றி வைத்துவிட்டுத்தான் உலையை ஏற்றுவேன். கோபமோ எனக்கு மூக்குக்கு மேல். இந்த இரண்டையும் சீதனமாகக் கொண்டு, இரணியலுக்குப் பக்கத்தில் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிற மனிதருக்கு வாழ்க்கைப்பட்டேன்.

2008 வாக்கில் என் வீட்டுக்காரர் கேசட்டையும் சி.டி.யையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தார். விசேஷ நாளில் அந்தப் பெட்டி வேனில் ஏறும். மற்ற நாளில் எங்கள் முன் அறையில் இருக்கும். நாங்கள் வாய்ச்சண்டை போடும்போதுதான் அவருக்கு ஸ்பீக்கர் ஞாபகம் வரும். "பாக்ஸ் செக் பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் போய் ஒரு பாட்டைப் போடுவார். நானும் அதற்கு மேல் கத்திப் பார்ப்பேன். பிறகு, பாட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்று கொஞ்சம் காதுகொடுப்பேன். அப்படியே அடுக்களைக்குப் போய்விடுவேன். கல்யாணத்துக்குப் பிறகு எனக்குப் பொறுமை வந்துவிட்டது என்று அம்மாவிடம் போனில் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு.

ஒரு தடவை இராஜாக்கமங்கலத்தில் ஒரு வீட்டுக்கு சீரியல் பல்பு கட்ட அவர் இரண்டு நாள் போனார். அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாமே, வீட்டில் இருந்தது. கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். சும்மா திறந்து பார்த்தேன். பார்த்ததும் தலை சுற்றியது.

எட்டாயிரம் பாட்டு. ஒன்றாவது படத்தின் பெயரிலோ பாடியவர் பெயரிலோ இருக்க வேண்டுமே! ஃபோல்டர்களுக்கு அவர் வைத்திருந்த பெயரைக் கேளுங்கள். 'சோறு வேகல்லெ.' 'பந்தி எழும்ப.' 'மாப்பிள்ளெ லேட்டு.' 'மழெ.' 'போலீஸ்.' 'சண்டெ.' ஒரே பாட்டு நாலு ஃபோல்டரில் கிடந்தது. மாப்பிள்ளை வரத் தாமதமானால் போடுகிற பாட்டு 'மரிச்ச வீடு' ஃபோல்டரிலும் இருந்தது. இப்படியும் ஒரு மனிதர் தொழில் செய்வாரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாட்டுகளை அடுக்குவதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் உண்டு. அதைப் போட்டு ஓட்டினேன். இசையமைப்பாளர், அதற்குள் வருடம், அதற்குள் படம். இரண்டாவது பிரதி எங்கே கண்டாலும் அழி என்று உத்தரவு கொடுத்தேன். எட்டாயிரம் மூவாயிரமானது. பழைய ஃபோல்டர்களைத் துடைத்துவிட்டு, குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, வெள்ளை அடித்த வீட்டைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

அவர் வந்தார். உட்காரவைத்துக் காட்டினேன். மௌஸை மேலும் கீழும் உருட்டினார். பழையதெல்லாம் எங்கே என்று கேட்டார். குப்பை, அழித்தாயிற்று என்றேன். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்றார். மறுநாள் காலை திருவட்டாறு பக்கம் ஒரு கல்யாணம். நீயும் கூட வா, எனக்கு எதையும் எடுக்கத் தெரியாது என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வேனில் ஏறினேன்.

அது லேசுப்பட்ட கல்யாணம் இல்லை. பெண்ணின் அப்பாதான் அந்த ஊர் அம்மன் கோவிலுக்குத் தலைவர். அடுத்த மாதம் அம்மனுக்குக் கொடைத் திருவிழா. மூன்று நாள் கொடைக்கு மைக்செட் யாருக்கு என்பது அவர் வாயில் இருந்தது. அது கிடைத்துவிட்டால் சுற்றுவட்டாரத்துக் கொடைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வரும் என்று என் வீட்டுக்காரர் ஆறு மாதமாக அந்தத் தலைவருக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

தாலி கட்டும்வரை ராஜாங்கம்தான். கேட்ட பாட்டை நொடியில் எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் பந்தியில் வந்தது வினை. பந்தியின் பெரிய பாயசமான அடைப்பிரதமன் தீர்ந்துபோய், மாப்பிள்ளையின் தாய்மாமா இலையில் வெறும் சேமியா பாயசம் விழுந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் தாய்மாமா இலையில் சேமியா பாயசம் விழுந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மனிதர் இலையை மடக்கிவிட்டு எழுந்தார். அவரோடு ஒரு வரிசையே எழுந்தது. இந்தப் பக்கத்தில் பெண்ணின் சித்தப்பாமார் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

பந்தலின் அந்த ஓரத்தில் வயர் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"ஏட்டி, அந்த சண்டெ ஃபோல்டர எடு."

அதுதான் இல்லையே. அதில் இருந்த பாட்டுகள் முப்பது இசையமைப்பாளர்களுக்குக் கீழே சிதறிக் கிடந்தன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெதுவாக இருக்கட்டும் என்று ஒன்றைப் போட்டேன். அது காதலி செத்துப்போன பாட்டு. கல்யாண வீட்டில் இதென்ன அபசகுனம் என்று பெண்கள் பக்கம் பேச்சு கிளம்பியது. பதறிப்போய் நிறுத்தப் போனவள் பாட்டை அடக்கிவிட்டு மைக்கைத் திறந்துவிட்டேன். வாழ்த்துரைக்கு வைத்திருந்த மைக் சண்டைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. அவ்வளவுதான். "எனக்கு ஒரு தவி பிரதமன் தர யோக்கியதெ இல்லியா" என்று தாய்மாமா கேட்டது நாலு குழாய் ஸ்பீக்கர் வழியாகத் தென்னந்தோப்பு தாண்டி ஜங்ஷன்வரை போயிற்று. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். தன் குரலைத் தானே கேட்ட மாமா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சண்டை நின்றது. தலைவர்தான் நிற்கவில்லை, நேரே எங்களிடம் வந்தார்.

"எனக்க வீட்டுப் பிரதமன் கதெய ஊரு முழுக்கக் கேட்டாச்சு. ஞாயித்துக்கெழமெ கோயில்ல கமிட்டி கூடும். அங்க வந்து ஒழுங்கா பாட்டு போடு. கொடையப் பத்தி அதுக்குப் பெறவு பேசலாம்."

வேனில் திரும்பும்போது அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கேட்டு ஆறியிருப்பேன். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னார்: "நீ பாட்ட அடுக்குனே. நான் ஆளுகள அடுக்கி வச்சிருந்தேன்."

இருபது வருடமாக எந்தப் பாட்டுக்கு எந்தக் கூட்டம் எழும்பும், எதற்கு உட்காரும், எதற்குக் கண்ணைத் துடைக்கும் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்ததை நான் குப்பை என்று சொல்லியிருக்கிறேன்.

நல்லவேளை, அந்த சாஃப்ட்வேர் என்னைவிடப் பொறுப்பானது. எதை எங்கிருந்து எடுத்தது, எங்கே வைத்தது, எதை அழித்தது என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தது. எட்டாயிரம் வரி. அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஃபோல்டராகத் திரும்பக் கட்ட உட்கார்ந்தேன். 'பந்தி எழும்ப' முடிந்தது. 'மழெ' முடிந்தது. மூன்றாம் நாள், அழித்த அன்றைக்கு என் கண்ணில் படாத ஒரு பெயர் வந்தது: 'ஏட்டி'.

அவர் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான். அடடா, மனிதருக்கு நம்மேல் இவ்வளவு ஆசையா என்று ஒரு நிமிஷம் உருகியும்விட்டேன். பிறகு உள்ளே இருந்த மூன்று ஃபோல்டர்களின் பெயரைப் படித்தேன். 'சின்ன கோவம்.' 'பெரிய கோவம்.' 'பெட்டி எடுத்தாச்சு.'

பாட்டுகளைப் பார்க்கப் பார்க்க ஒவ்வொரு சண்டையும் ஞாபகம் வந்தது. ஒரு தடவை அம்மா வீட்டுக்குக் கிளம்பி, துணியெல்லாம் பெட்டியில் வைத்து வாசல்வரை வந்துவிட்டேன். அவர் பாக்ஸ் செக் பண்ணினார். இரண்டாவது பாட்டு முடியும்போது பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, போனால் போகிறது என்று மன்னித்தேன். என் பெருந்தன்மை என்றுதானே இத்தனை நாள் நினைத்திருந்தேன்? பிரதமன் கிடைக்காத தாய்மாமாவும் நானும் இவருக்கு ஒன்றுதான்!

அந்தப் பட்டியலை அப்படியே அழித்துவிடலாமா என்று இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும், கொடையும் போகும், இவர் கெட்டிக்காரத்தனமும் போகும். விரலைக்கூட வைத்துவிட்டேன். வேனில் வாயைத் திறக்காமல் இருந்த அந்த முகம் வந்து தடுத்தது. எல்லாவற்றையும் இருந்த இடத்தில் இருந்தபடி கட்டிக் கொடுத்தேன், ஒன்றைத் தவிர. 'ஏட்டி' ஒரு பென்டிரைவில் ஏறி மல்லிப்பொடி டப்பாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். கொடைக்கு எந்த வில்லுப்பாட்டுக் குழுவைக் கூப்பிடுவது என்று கமிட்டியில் கால்மணி நேரத்திலேயே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். என் வீட்டுக்காரர் அசராமல் 'சண்டெ'யைத் திறந்து, ஆறாவது பாட்டை, பேச்சுக்கு அடியில் கேட்டும் கேட்காத மாதிரி வைத்தார். அதிகம் கத்தியவருடைய கால் முதலில் தாளம் போட்டது. பிறகு அவர் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். தலைவர் எங்கள் பக்கம் திரும்பி, மூன்று நாளைக்கும் எத்தனை குழாய் வரும் என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் பெட்டியை இறக்கி, வயரெல்லாம் மாட்டி முடிக்கும்வரை பொறுத்தேன். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, 'ஏட்டி' என்று ஒரு ஃபோல்டர் இருந்ததே, அது என்ன சங்கதி என்று கேட்டேன். மனிதர் என்னைப் பார்த்தார். பாக்ஸ் செக் பண்ணணும் என்று முணுமுணுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் போனார். தேடினார். மேலே போனார், கீழே வந்தார். இல்லை. நான் ஆரம்பித்தேன். கல்யாணமான நாளில் இருந்து வரிசையாக எடுத்து வைத்தேன். பாட்டு இல்லாமல் என் கோபத்துக்கு முன்னால் அவர் நிற்பது அதுதான் முதல் தடவை. எங்கே போவதென்று தெரியாமல், கையில் மௌஸோடு, கடைசியில் தானே பாட ஆரம்பித்தார். சுருதியும் இல்லை, தாளமும் இல்லை, பாதி வரி தெரியவும் இல்லை.

எனக்கு உதட்டைக் கடித்தும் சிரிப்பு அடங்கவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியுமா?

"இஞ்ச பாருங்க, இது சின்ன கோவத்துக்கு உள்ள பாட்டு," என்றேன். "பெரியதப் பாடுங்க."